மாடல் நீராவி எஞ்சினில் நிஜமான சத்தம் வரவழைப்பது எப்படி?

சேலத்தில் வீட்டிலேயே மாடல் ரயில் ஓட்டுபவர்களுக்கு வரும் கேள்வி இது: சவுண்ட் டிகோடர் போட்டும் எஞ்சின் ஏன் பொம்மை மாதிரியே ஒலிக்கிறது?

சவுண்ட் டிகோடர் என்பது பதிவுசெய்த ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் சின்ன மின்சுற்று அட்டை. ஆனால் நல்ல பதிவு மட்டும் போதாது, அது சக்கரத்தோடு சேர்ந்து ஒலிக்க வேண்டும்.

காரணம், 'சக் சக்' என்பது சிலிண்டரில் வேலை முடித்த நீராவி புகைபோக்கி வழியே பீறிடும் ஓசை. குக்கர் வெயிட்டைத் தூக்கிக்கொண்டு ஆவி விட்டுவிட்டுச் சீறுவது போலத்தான். பிஸ்டனை நீராவி இரு பக்கமும் தள்ளுவதால், சாதாரண இரண்டு சிலிண்டர் எஞ்சினில் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு 4 'சக்' வரும். இது பிசகினால் காது உடனே கண்டுபிடித்துவிடும். சக்கர அச்சில் 4 குட்டிக் காந்தங்களும் பக்கத்தில் ஒரு சென்சாரும் வைத்தால், ஒவ்வொரு காந்தம் கடக்கும்போதும் டிகோடர் ஒரு 'சக்' ஒலிக்கும்; தாளம் சரியாக அமையும்.

நிஜ ஒலியைக் கேட்க, மேட்டுப்பாளையம் போய் நீலகிரி மலை ரயிலைக் கேளுங்கள். அவசியம் போக வேண்டிய இடம்! பல்சக்கரப் பாதையில் (எஞ்சினின் பல்சக்கரம் தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பற்களைப் பிடித்து ஏறும் பகுதி) அந்த எஞ்சின் 4 சிலிண்டர்களில் ஓடுவதால் தாளம் மட்டும் வேறு.

அப்புறம், பெரிய ஸ்பீக்கர் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: ஸ்பீக்கரின் பின்பக்க ஒலி முன்பக்க ஒலியை அழித்துவிடும், அதனால் காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் பொருத்திய சின்ன ஸ்பீக்கரே கனமாக ஒலிக்கும்.