கம்யூனிட்டி காலேஜா என்று முகம் சுளிக்கும் அப்பாவுக்கு

டெக்சாஸ் மாநிலம் ஃபிரிஸ்கோவிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகனுக்கு 17 வயது, பள்ளியில் கடைசி ஆண்டு. பேஸ்பாலில் வலது கை பிட்சர், அதாவது பந்து எறிபவன். வேகம் மணிக்கு 86, 87 மைல். கை நன்றாக வரும் நாளில் 88. கணக்கில் கெட்டிக்காரன். அதே ஊரில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸின் டபுள்-ஏ அணி (மேஜர் லீகுக்கு இரண்டு படி கீழே) ஆடுவதைப் பார்த்தே வளர்ந்தவன். பெரிய பெயருள்ள பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று அப்பா ஒற்றைக்காலில் நிற்கிறார். கோயம்புத்தூரிலிருந்து சித்தப்பா வாரா வாரம் போன் போட்டு, “விளையாட்டு சோறு போடுமா?” என்கிறார். பக்கத்துத் தெரு மாமா ஒருவர் நேர்மாறு: “நிம்மலா பையனைப் பாருங்க, முப்பது லட்சம் டாலர்!” கடிதத்தின் கடைசி வரி: “பிள்ளை மனசு உடையாம இந்த பேஸ்பாலை எப்படி நிறுத்துறது?”

அம்மா, நிறுத்தும் வழியை நான் சொல்லப் போவதில்லை. உங்கள் வீட்டில் இப்போது நடக்கும் சண்டையில் மூன்று பக்கமும் தப்பு. மாமாவிடமிருந்து ஆரம்பிக்கிறேன், அது சீக்கிரம் முடியும்.

மேஜர் லீக் அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வுதான் டிராஃப்ட். அர்ஜுன் நிம்மலா 2023 டிராஃப்டில் 20ஆவது ஆளாக டொராண்டோ புளூ ஜேஸுக்குப் போனார். இந்தியாவிலிருந்து குடியேறிய பெற்றோரின் பிள்ளை, அப்போது 17 வயது, கையெழுத்துத் தொகை 30 லட்சம் டாலர். எல்லாம் உண்மைதான். ஆனால் அவர் பிட்சர் இல்லை, ஷார்ட்ஸ்டாப் என்ற ஃபீல்டர், முதல் சுற்று. முதல் சுற்றில் போகக்கூடிய பையன் உங்கள் வீட்டில் இருந்தால் ஆள் தேடும் ஸ்கவுட்கள் வாசலில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். எனக்குக் கடிதம் வந்திருக்காது. 87 மைல் என்றால் மணிக்கு 140 கிலோமீட்டர். கிரிக்கெட்டில் அது மிரட்டும் வேகம். மேஜர் லீகில் ஃபாஸ்ட்பாலின் சராசரியே ஏறக்குறைய 94 மைல், அதாவது 151 கிலோமீட்டர்.

ஒரு கணக்கு. 30 அணிகள், அணிக்கு 26 பேர்: உலகத்தில் மொத்தம் 780 நாற்காலி. அந்த 30 அணிகளும் மேஜருக்குக் கீழே உள்ள அமெரிக்க மைனர் லீக் பட்டியலில் ஆளுக்கு 165 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். அது ஐயாயிரத்தைத் தொடும். 20 சுற்று டிராஃப்டில் ஆண்டுதோறும் 600க்கு மேல் புதியவர்கள் வருகிறார்கள். டொமினிக்கன் குடியரசு, வெனிசுவேலா பையன்கள் தனிக் கணக்கு. இதைச் சித்தப்பாவிடமும் சொல்லுங்கள், அவருக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அவர் சொல்லும் மருந்து வேலைக்கு ஆகாது. பந்தைப் பிடுங்கிவிட்டால் பையன் கோடிங்கில் கரைந்துபோவான் என்பதற்கு ஒரு ஆதாரமும் இல்லை.

இப்போது அப்பா. பெரிய பல்கலைக்கழக அணியிலேயே ஆடிக்கொண்டு படிக்கட்டும் என்று அவர் இறங்கி வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த இறக்கத்தில்தான் எனக்குப் பயம். கல்லூரி விளையாட்டு வழக்கு ஒன்றில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட உடன்படிக்கையில் சேர்ந்த முதல் பிரிவுக் கல்லூரிகளில் (நான்காண்டுக் கல்லூரிகளின் உச்ச மட்டம்) பேஸ்பால் அணிக்கு 34 பேர்தான். முன்பு 40 பேர் வரை இருந்தார்கள். அந்த 34இல் ஒரு பங்கு கல்லூரி மாற விரும்புபவர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக வரும் 21, 22 வயது ஆட்களுக்கு. பயிற்சியாளருக்கு இந்த ஆண்டே ஜெயிக்க வேண்டும். 87 மைல் போடும் 18 வயதுப் பையன் வளரும்வரை அவர் ஏன் காத்திருக்கப் போகிறார்? இலையுதிர்காலப் பயிற்சியில் பெயர் இருக்கும், வசந்தத்தில் பெஞ்சு, ஜூனில் “வேறு இடம் பாரப்பா.” அதற்குள் ஒரு வருஷம் பந்தே போடாமல் போயிருக்கும். நான்காண்டுக் கல்லூரியில் கால் வைத்தால் மூன்றாம் ஆண்டு முடியும்வரையோ 21 வயது ஆகும்வரையோ டிராஃப்டும் கிடையாது. சட்டையில் பெரிய எழுத்து, கையில் பந்து இல்லை. அதற்கு முழு ஃபீஸ் கட்டப் போகிறீர்களா?

உங்கள் யார் வாயிலும் வராத வழி இரண்டாண்டுக் கல்லூரி. பேஸ்பால்காரர்கள் ‘ஜூகோ’ என்பார்கள். நம் ஆட்களுக்கு கம்யூனிட்டி காலேஜ் என்றாலே “மார்க் வராதவன் போற இடம்.” மேஜர் லீகின் பெரிய நட்சத்திரம் ஆல்பர்ட் புஹோல்ஸ் கன்சாஸ் சிட்டியில் மேப்பிள் வுட்ஸ் என்ற கம்யூனிட்டி காலேஜில் ஒரு வருஷம் ஆடியவர். 1999இல் 13ஆம் சுற்றில் 402ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். 2001இல் மேஜரில் ஆடிக்கொண்டிருந்தார். இன்னொரு நட்சத்திரம் பிரைஸ் ஹார்ப்பர் 2010இல் டிராஃப்டின் முதல் ஆளாகப் போனது நெவாடாவில் இப்படி ஒரு கல்லூரியிலிருந்துதான். உங்கள் பையன் ஹார்ப்பர் இல்லை. ஆனால் அவருக்கு உதவிய விதி இவனுக்கும் உதவும்: ஜூகோவில் படிப்பவர் முதல் ஆண்டு முடிவிலும் டிராஃப்டுக்கு நிற்கலாம், இரண்டாம் ஆண்டு முடிவிலும் நிற்கலாம். 21 வயது வரை காத்திருக்க வேண்டியதில்லை.

2022இல் திரும்பி வந்த ஒரு பழைய ஏற்பாடும் இருக்கிறது. 10ஆம் சுற்றுக்குப் பிறகு எடுக்கப்பட்ட பையன் உடனே கையெழுத்துப் போடாமல் ஜூகோவுக்குப் போனால், எடுத்த அணி அடுத்த டிராஃப்ட் வருவதற்குள் அவனை 2,25,000 டாலர் வரை கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். வேகம் 88இலிருந்து 93 ஆனால் விலையும் ஏறும். 1990இல் நியூயார்க் யாங்கீஸ் 22ஆம் சுற்றில் எடுத்த ஆண்டி பெட்டிட், 24ஆம் சுற்றில் எடுத்த ஹோர்ஹே போசாடா இருவரும் இப்படி அடுத்த ஆண்டு கையெழுத்திட்டவர்கள். பெட்டிட் ஆடிய சான் ஜசின்டோ கல்லூரி ஹூஸ்டன் பக்கம், பாசடீனாவில் இருக்கிறது.

காசு விஷயம். ஜூனியர் காலேஜ் சங்கத்தின் முதல் பிரிவில் ஒரு பேஸ்பால் அணி 24 ஸ்காலர்ஷிப் வரை தரலாம். கல்விக் கட்டணம், புத்தகம், அறை, சாப்பாடு எல்லாம் அதில் அடங்கலாம். இரண்டாம் பிரிவில் அறையும் சாப்பாடும் நம் செலவு. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று ஒரு பைசா கிடையாது. டாலஸ் காலேஜ் அணிகள் இந்த வகை. (கலிஃபோர்னியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: உங்கள் மாநிலக் கம்யூனிட்டி காலேஜ்கள் தனிச் சங்கம், அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே இல்லை.) உங்கள் வீட்டுக்கு வடக்கே டெனிசனில் கிரேசன் காலேஜ், வேக்கோவில் 2021 தேசிய சாம்பியன் மெக்லென்னன், வெதர்ஃபோர்டு: மூன்றும் முதல் பிரிவு. போனில் “ஸ்காலர்ஷிப் உண்டா?” என்று கேட்காதீர்கள், எல்லோரும் ‘உண்டு’ என்பார்கள். கட்டணம் மட்டுமா, அறையும் சேர்த்தா, கை அடிபட்டால் இரண்டாம் ஆண்டும் தொடருமா என்று தனித்தனியாகக் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

அப்பாவுக்குப் படிப்புப் பக்கம். டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளுக்கு 42 கிரெடிட் பொதுப் பாடத்தொகுதி உண்டு. ஜூகோவில் அதை முடித்தால் அரசுப் பல்கலைக்கழகம் மொத்தமாக ஏற்றுக்கொள்ள வேண்டும். பாட எண்களும் பெரும்பாலும் மாநிலம் முழுக்க ஒன்று: மேத் 2413, 2414 கால்குலஸ், ஃபிசிக்ஸ் 2425, 2426, புரோகிராமிங்கிற்கு சி.ஓ.எஸ்.சி. 1436, 1437. இதில் பிசகுவது இரண்டு இடம். ஒன்று, பொதுப் பாடக் கிரெடிட் கூடவே செல்லும், ஆனால் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் தானாக வராது, அதற்குத் தனிப் போட்டி. இரண்டாவது, ஃபிசிக்ஸ் லேப் மதியம் இருக்கும், அணிப் பயிற்சியும் மதியம்தான். வசந்தத்தில் 56 ஆட்டம் வரை, பஸ்ஸிலேயே பாதி வாரம். ஆகவே லேப் உள்ள பாடங்களை இலையுதிர் செமஸ்டரிலும் கோடையிலும் போடச் சொல்லுங்கள். பயிற்சியாளர் காட்டும் சுலபமான பாடங்களை வாங்கி ஜிபிஏவை (மதிப்பெண் சராசரியை) தூக்கிவிட்டு, பிறகு எந்தப் பட்டத்துக்கும் சேராத கிரெடிட்டோடு நிற்பவர்கள் நிறைய.

ஜூகோதானே என்று தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் தகுதிப் பதிவை விட்டுவிடாதீர்கள். பள்ளியின் 16 மையப் பாடங்களை முடித்துத் தகுதி வாங்கியிருந்தால், ஜூகோவில் ஒரே செமஸ்டருக்குப் பிறகுகூட 2.5 ஜிபிஏவோடு நான்காண்டுக் கல்லூரிக்கு மாறி ஆடலாம். தகுதி வாங்காதவன் இரண்டாண்டுப் பட்டத்தை முடித்துத்தான் நகர முடியும். ஜூகோ ஆண்டுகளைக் கணக்கில் சேர்ப்பதா என்பது நீதிமன்றங்களில் இழுபடுகிறது. நீங்கள் இரண்டு ஆண்டு ஆடினால் இரண்டு மீதம் என்றே திட்டம் போடுங்கள்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது மைதானப் புல்லில் மயங்காதீர்கள். வீரர்கள் உட்காரும் டக்-அவுட் சுவரில் தொங்கும் அட்டையை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பிட்சருக்கும் நேராகத் தேதி, போட்ட பந்து எண்ணிக்கை, அடுத்து எப்போது போடலாம் என்று பென்சிலில் எழுதியிருந்தால் அது பிட்சரை வளர்க்கும் இடம். அட்டையே இல்லை, “எங்களுக்கு மனக்கணக்கு” என்றால் காரைத் திருப்புங்கள். போன ஆண்டு முதலாமாண்டுப் பிட்சர்கள் எத்தனை இன்னிங்ஸ் போட்டார்கள், எத்தனை பேர் எந்தக் கல்லூரிக்கு மாறினார்கள் என்றும் கேளுங்கள். பெயரோடு பதில் வர வேண்டும்.

பள்ளியிலிருந்தே நேராக ஏதாவது அணி கூப்பிட்டால்? 10ஆம் சுற்றுக்குப் பிறகு 1,50,000 டாலர் வரை கொடுப்பது அணிக்கு விதித்த மொத்த போனஸ் வரம்பில் ஏறாது. பேச்சு பெரும்பாலும் அதற்குள்தான். வரியும் முகவர் பங்கும் அதிலிருந்தே. மைனர் லீக் சம்பளம் 2023 ஒப்பந்தப்படி ஆண்டுக்கு, கீழ்ப் படியிலிருந்து மேலாக: பயிற்சி வளாக லீகில் 19,800 டாலர், லோ-ஏ 26,200, ஹை-ஏ 27,300, டபுள்-ஏ 30,250, டிரிபிள்-ஏ 35,800. தங்குமிடம் அணி தரும். மேஜரின் அடிமட்டச் சம்பளம் 2025இல் 7,60,000. நடுவில் படிக்கட்டே இல்லை, பார்த்தீர்களா? 18 வயதில் கையெழுத்திட்டால் மைனர் லீகில் அணியின் பிடி ஏழு சீசன், அதுவரை அவனாக வேறு அணிக்குப் போக முடியாது. 19 வயதோ அதற்கு மேலோ என்றால் ஆறு. ஜூகோவில் ஒரு வருஷம் போனால் அதுவும் ஒரு லாபம்.

எப்போது கையெழுத்திட்டாலும் கல்லூரிச் செலவுத் திட்டத்தை ஒப்பந்தத்தில் சேர்க்காமல் பேனாவைத் தொடக் கூடாது. எத்தனை செமஸ்டர், செமஸ்டருக்கு எத்தனை டாலர் என்று எண்ணாக இருக்க வேண்டும். ஆட்டத்தை விட்ட இரண்டு ஆண்டுக்குள் படிப்பைத் தொடங்காவிட்டால் அது காலாவதி.

எச்-1பி குடும்பம் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது போகிறபோக்கு விஷயம் இல்லை. எச்-4, அதாவது பெற்றோரைச் சார்ந்த விசாவில் இருக்கும் பிள்ளை சம்பளம் வாங்க முடியாது. கல்லூரியில் பெயரை வைத்து வரும் விளம்பரக் காசும் வாங்கக் கூடாது. டிராஃப்டில் எடுக்கத் தடையில்லை, ஆனால் அணி அவனுக்கு விளையாட்டு வீரர் விசா வாங்கித் தந்த பிறகே வேலை தொடங்க முடியும். 21 வயதில் எச்-4 முடியும். கையில் ஆஃபர் வருவதற்கு முன்பே ஒரு குடியேற்ற வழக்கறிஞருக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுங்கள்.

அந்தக் காசு எங்கிருந்து என்றால், கோடைப் பயணத்தில் வெட்டுங்கள். ஊர் ஊராகப் போய் ஆடும் டிராவல் அணி இரண்டு, பயிற்சியாளர்கள் முன் திறமை காட்டும் ஷோகேஸ் மாதம் ஒன்று, விமானம், ஹோட்டல். அதற்காக ஓய்வுக்காலச் சேமிப்பில் கை வைத்தீர்கள் என்று படித்தபோது கோபம்தான் வந்தது. இனி ஒரு டாலர்கூட அங்கிருந்து எடுக்காதீர்கள். ஷோகேஸில் 87 போடுபவனை யாரும் 92 என்று எழுதிக்கொள்ள மாட்டார்கள். அதைவிடப் பெரிய செலவு முழங்கை. 17, 18 வயதுக்கு மேஜர் லீகே வெளியிட்ட வரம்பு ஒரு நாளுக்கு 105 பந்து. 81ஐத் தாண்டினால் நான்கு நாள் ஓய்வு. பன்னிரண்டு மாதத்தில் 100 இன்னிங்ஸ். ஆண்டில் நான்கு மாதம் போட்டியில் பந்து போடக் கூடாது, அதில் இரண்டு மூன்று மாதமாவது தொடர்ந்து எறியவே கூடாது. சனிக்கிழமை ஓர் அணிக்கு 70, ஞாயிற்றுக்கிழமை மற்ற அணிக்கு 50 என்றால் இரண்டு பயிற்சியாளரின் தாளிலும் கணக்கு சரியாக இருக்கும், தசைநார் மட்டும் 120 என்று கூட்டிக்கொள்ளும். கிழிந்தால் அறுவை, பிறகு 12 முதல் 18 மாதம். தாய்வழியில் இந்திய வம்சாவளியான குமார் ராக்கரை 2021இல் நியூயார்க் மெட்ஸ் 10ஆவது ஆளாக எடுத்தும் மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு ஒப்பந்தம் தரவில்லை. அடுத்த ஆண்டு மேஜர் அணிகளோடு சேராத தனி லீக் ஒன்றில் ஆடி, ரேஞ்சர்ஸுக்கு மூன்றாவது ஆளாகப் போய், 2023இல் முழங்கை அறுவை முடித்து, 2024 செப்டம்பரில்தான் மேஜரில் பந்து போட்டார். அவ்வளவு பெரிய பெயருக்கே இது.

பையன் கடிதத்தின் அடியில் தன் கையால் ஒரு வரி எழுதியிருக்கிறான்: “எனக்கு ஆடணும், உட்காரக் கூடாது.” இத்தனை பக்கத்தில் தெளிவான வரி அதுதான். இரண்டு வசந்தம் அவன் ஆடட்டும். இரண்டாவது முடியும்போது 90ஐத் தொடவில்லை, எந்தக் கல்லூரியும் கூப்பிடவில்லை என்றால் கால்குலஸும் ஃபிசிக்ஸும் கையில் இருக்க, மூன்றாம் ஆண்டு மாணவனாக வேறு இடம் போவான். அந்த முடிவை அவனே எடுப்பான், சித்தப்பா எடுக்க வேண்டாம்.

இந்த வாரம் பத்துப் பயிற்சியாளர்களுக்கு மின்னஞ்சல் போகட்டும். பள்ளி முடிக்கும் ஆண்டு, உயரம், எடை, எந்தக் கை, வேகம், ஜிபிஏ, பள்ளிப் பயிற்சியாளரின் எண், கேட்சருக்குப் பின்னாலிருந்து எடுத்த இரண்டு நிமிட வீடியோ, பாட்டு சேர்க்காமல். ஆறு வரிக்கு மேல் வேண்டாம். வேகத்தை 87 என்றே எழுதட்டும், ராடார் கன் அவர்களிடமும் இருக்கிறது. முக்கியமாக, எழுதுவது பையனாக இருக்கட்டும். அப்பா எழுதிய கடிதத்தை அவர்கள் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.