அமெரிக்கப் பள்ளியில் நம் பிள்ளைகள்: படிவம், விசா, தமிழ் – கேள்வி பதில்

கேள்வி (கேரி, வடகரோலினா): அக்கா, மகனை கிண்டர்கார்டனில் சேர்க்கிறோம். வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று படிவத்தில் கேட்டிருக்கிறார்கள். தமிழ் என்று போட்டால் ஈஎஸ்எல் (ஆங்கிலம் சரியாக வராத பிள்ளைகளுக்கான உதவி) வகுப்பில் தள்ளிவிடுவார்கள், இங்கிலீஷ் என்றே எழுது என்கிறார்கள் நண்பர்கள். என்ன எழுதட்டும்?

பதில்: தமிழ் என்றே எழுதுங்கள். அந்தப் படிவம் பிள்ளையை எந்த வகுப்பிலும் போடாது. ஒரு சின்ன ஆங்கிலத் தேர்வுக்கு அனுப்பும், அவ்வளவுதான். உங்கள் மாநிலத்தில் அது ‘வீடா’ (WIDA) தேர்வு; கலிஃபோர்னியா, டெக்ஸாஸ், நியூயார்க்கில் வேறு தேர்வுகள். கிண்டர்கார்டன் தொடக்கத்தில் பெரும்பாலும் கேட்பதையும் பேசுவதையும்தான் பார்ப்பார்கள். தேறிவிட்டால் அத்தோடு முடிந்தது. தேறாவிட்டால் பள்ளி தொடங்கி 30 நாளுக்குள் உங்களுக்குக் கடிதம் வர வேண்டும். உதவி வகுப்பு வேண்டாம் என்று எழுத்தில் மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மறுத்தாலும் ஆண்டுதோறும் நடக்கும் மொழித் தேர்வு மட்டும் நிற்காது. தேறும் வரை எழுதித்தான் ஆக வேண்டும்.

நன்றாக இங்கிலீஷ் பேசும் பிள்ளைகூட இதில் தவறுவதுண்டு. முன்பின் தெரியாத ஒருவர் படத்தைக் காட்டிக் கேட்கும்போது ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும், அல்லது வாயே திறக்காது. ‘ஒரு டீச்சர் படம் காட்டிக் கேப்பாங்க, முழுசா சொல்லு கண்ணா’ என்று முந்தின நாள் சொல்லி அனுப்புங்கள். அது போதும், பயிற்சி எதுவும் வேண்டாம்.

மொழியை மறைத்துச் சேர்ப்பதால் வரும் கெடுதல் பிறகுதான் தெரியும். மூன்றாம் வகுப்பில் பாடம் வாசித்துப் புரிந்துகொள்வதில் பிள்ளை திணறினால், வீட்டில் இன்னொரு மொழி இருக்கிறது என்பதே ஆசிரியருக்குத் தெரியாது. கற்றல் குறைபாடோ என்று தேடத் தொடங்குவார்கள். ஆங்கிலம் தெரியாத பிள்ளைக்குப் பள்ளி மொழி உதவி தந்தாக வேண்டும் என்பது 1974இல் சான் பிரான்சிஸ்கோ சீனப் பிள்ளைகளின் ‘லாவ்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் வாங்கித் தந்த உரிமை. அதை நாமே ஏன் கைவிட வேண்டும்?

வீட்டில் இங்கிலீஷே பேசுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில் கதை சொல்லிக் கேட்டு வளரும் பிள்ளைக்குத்தான் சொல்வளம் சேரும். அந்த வளம் ஆங்கில வாசிப்புக்கும் கைகொடுக்கும்.

கேள்வி (எடிசன், நியூஜெர்சி): அதே படிவத்தில் இனம் கேட்கும் கட்டத்தில் எதை டிக் செய்வது?

பதில்: ‘ஏஷியன்’. இந்தியா, இலங்கை இரண்டுக்கும் அதுதான். ‘அமெரிக்கன் இந்தியன்’ என்று பார்த்ததும் அவசரத்தில் டிக் செய்துவிடுகிறார்கள். அது அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு உரியது. காலியாக விட்டாலும் பயனில்லை, பள்ளி ஊழியரே பிள்ளையைப் பார்த்து ஒன்றை நிரப்பிவிடுவார்.

கேள்வி (கோயம்புத்தூரிலிருந்து டிராய், மிச்சிகன்): ஆறு வயது மகள். இங்கே தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்று, கார்டு இருக்கிறது. அங்கே மறுபடியும் போட வேண்டுமா?

பதில்: சிலவற்றை. கார்டில் தேதிகளைப் பாருங்கள். முதல் பிறந்தநாளுக்கு முன் போட்ட தட்டம்மை ஊசி அங்கே கணக்கில் வராது. நம் ஊரில் ஒன்பதாம் மாதம் போடுவது அதனால்தான் அடிபட்டுப் போகும். அரசு மையத்தில் போட்டது எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா) என்றால் அதில் புட்டாளம்மைக்கான மருந்தே இல்லை. மூன்றுக்குமான எம்எம்ஆர் இரண்டு டோஸ் வேண்டும். தனியார் மருத்துவமனையில் 15ஆம் மாதமும் நான்கு வயதுக்கு மேலும் எம்எம்ஆர் போட்டிருந்தால் கவலையில்லை. சின்னம்மை ஊசி அரசு அட்டவணையில் கிடையாது, அங்கே இரண்டு டோஸ் கேட்பார்கள். 2016 ஏப்ரல் 1 முதல் கொடுத்த போலியோ சொட்டு மருந்தையும் ஏற்க மாட்டார்கள்.

விட்டுப்போனவற்றைக் கிளம்பும் முன் ஊரிலேயே போட்டு, மருந்தின் பெயர், நாள்-மாதம்-ஆண்டு, டாக்டர் முத்திரையோடு ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள்: 05/08 என்றால் அங்கே மே 8. காசநோய்ச் சோதனை கேட்டால் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி போட்ட பிள்ளைக்குத் தோல் சோதனை வீணாகப் பாசிட்டிவ் காட்டலாம்.



கேள்வி (சென்னை): மகனின் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான், இனிஷியல்கூட இல்லை. அமெரிக்காவில் சிக்கலாகுமா?

பதில்: ஆகும். குடும்பப் பெயர் இல்லாத பாஸ்போர்ட்டுக்கு விசா அடிக்கும்போது, இருக்கும் பெயரைக் குடும்பப் பெயராக்கி, முன்பெயர் இடத்தில் ‘எஃப்என்யு’ (முன்பெயர் தெரியவில்லை) என்று போடுவார்கள். அதிலிருந்து பள்ளி அடையாள அட்டைக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் அது போய்விட்டால், வகுப்பில் பிள்ளையை அந்த மூன்று எழுத்தால் கூப்பிடும் நிலைகூட வரும். விசா விண்ணப்பத்துக்கு முன்பே, அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துப் பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்துவிடுங்கள். ஏற்கெனவே அங்கே போய்விட்டவர்கள் இந்தியத் தூதரகத்தில் அதைச் செய்யலாம். பள்ளியில் ‘பிரிஃபர்ட் நேம்’ (கூப்பிட விரும்பும் பெயர்) கேட்டு வகுப்புப் பட்டியலில் மாற்றச் சொல்லுங்கள். கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் மட்டும் புகைப்பட அடையாள அட்டையில் உள்ள அதே பெயர் இருக்கட்டும்.

கேள்வி (ஃபிரிஸ்கோ, டெக்ஸாஸ்): மகளுக்கு 18. எனக்கு எச்-1பி வேலை விசா, கம்பெனி போட்ட கிரீன் கார்டு மனு (ஐ-140) ஒப்புதலாகிவிட்டது. 21இல் அவளுடைய எச்-4 (என்னைச் சார்ந்த பிள்ளை விசா) போய்விடும் என்கிறார்கள். தூக்கமே இல்லை.

பதில்: உங்கள் பயம் நியாயமானது. ஆனால் இரண்டு கணக்குகள் இதில் கலந்துவிடுகின்றன. எச்-4 இருபத்தோராவது பிறந்தநாளோடு முடியும், அதில் சலுகை இல்லை. கிரீன் கார்டுக்கான வயதில் மட்டும் கழிவு உண்டு.

உங்கள் ஐ-140 எத்தனை நாள் பரிசீலனையில் இருந்ததோ அத்தனை நாளை அவள் வயதிலிருந்து கழிக்கலாம். பெற்ற தேதியும் ஒப்புதல் தேதியும் உங்கள் ஐ-797 நோட்டீஸில் இருக்கும். 240 நாள் இருந்தது, கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் முன்னுரிமைத் தேதிக்கு அவளுக்கு 21 வயதும் 150 நாளும் ஆனபோது முறை வந்தது என்றால், கணக்கில் அவள் 21க்குள்தான். பிரீமியம் கட்டி மூன்று வாரத்தில் ஒப்புதல் வாங்கியிருந்தால் கழிக்க அந்த மூன்று வாரம்தான். பணம் கட்டி அவசரப்படுத்தியதே இங்கே பாதகமாகிவிடுகிறது. முறை வந்த பின் ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

யாருடைய தேதிக்கு முறை வந்தது என்று அரசு மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினில் இரண்டு பட்டியல்கள் உண்டு. 2025 ஆகஸ்ட் 15 முதல் தாக்கலாகும் விண்ணப்பங்களுக்கு வயதை நிறுத்துவது ‘ஃபைனல் ஆக்ஷன்’ பட்டியல். இன்னொரு பட்டியலின்படி ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) போட்டுவிட்டதாலேயே வயது நின்றுவிட்டதாக நினைக்காதீர்கள்.

உங்கள் மனைவி எங்கே பிறந்தார்? இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்றால், அவர் பிறந்த நாட்டின் வரிசையில் நீங்கள் சேரலாம். பல ஆண்டு மிச்சமாகும். பிள்ளை பிறந்த நாடு பெற்றோருக்கு உதவாது.

இவை எதுவும் பொருந்தாவிட்டால் எஃப்-1 மாணவர் விசா. கல்லூரியில் ஐ-20 (சேர்க்கைச் சான்று) வாங்கி, விசா நிலையை மாற்றக் கேட்கும் ஐ-539 படிவத்தை 21க்கு முன், எச்-4 உயிரோடு இருக்கும்போதே போட வேண்டும். இருபது வயதிலேயே வேலையைத் தொடங்குங்கள். படித்து முடித்துத் திரும்புவேன் என்று அவள் காட்ட வேண்டியிருப்பதால், இதற்கு மட்டும் வக்கீலுக்குச் செலவு செய்யுங்கள்.

கேள்வி (அதே ஃபிரிஸ்கோ வாசகர்): அப்படியென்றால் இப்போதே எஃப்-1க்கு மாற்றிவிடலாமா? கல்லூரிக் கட்டணம்?

பதில்: வேண்டாம். எச்-4இலேயே கல்லூரியில் படிக்கலாம், டெக்ஸாஸில் உள்மாநிலக் கட்டணமும் கிடைக்க வழி உண்டு. எஃப்-1 ஆனதும் கட்டணப் பிரிவு மாறுமா என்று கல்லூரியின் ரெசிடென்சி அலுவலகத்தில் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகே மாற்றுங்கள். எஃப்ஏஎஃப்எஸ்ஏ விண்ணப்பம் வழியான அரசு நிதியுதவி எச்-4க்குக் கிடையாது. தம்பியோ தங்கையோ அமெரிக்காவில் பிறந்திருந்தால் அவர்களுக்கு உண்டு, நீங்கள் எச்-1பியில் இருந்தாலும்.

கேள்வி (ஃபிரீமான்ட், கலிஃபோர்னியா): மகள் ஒன்பதாவது. வாராந்தரத் தமிழ்ப் பள்ளியில் படிக்கிறாள். டிப்ளமாவில் தமிழுக்கு ஏதாவது அங்கீகாரம் உண்டா?

பதில்: இரு மொழியில் தேர்ந்தவர்களின் டிப்ளமாவில் இடும் இருமொழி முத்திரை (‘சீல் ஆஃப் பைலிட்டரசி’) உண்டு, அதை முதலில் கொண்டுவந்ததே உங்கள் மாநிலம்தான். தமிழுக்கு ஏபி (கல்லூரி நிலைப் பாடத்) தேர்வு கிடையாது. அவன்ட் நிறுவனத்தின் ‘ஸ்டாம்ப் டபிள்யூஎஸ்’ (முன்பு ‘வேர்ல்ட்ஸ்பீக்’) மொழித் தேர்வில் தமிழ் இருக்கிறது. உங்கள் பள்ளி மாவட்டம் அதை ஏற்குமா, எந்த நிலை வேண்டும் என்று கவுன்சிலரிடம் இந்த ஆண்டே கேளுங்கள். பன்னிரண்டாவதில் கேட்டால் தேர்வுத் தேதி தாண்டியிருக்கும்.

வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் பேச்சில் தேறிவிடுவார்கள், சறுக்குவது எழுத்தில்தான். ‘போனேன், வந்தேன்’ என்று தனித்தனி வாக்கியமாக நிறுத்திவிடுவார்கள். ‘ஆனால்’, ‘அதனால்’, ‘இருந்தாலும்’ போட்டு ஒரு கருத்தைப் பத்தியாக எழுதப் பழக்குங்கள். வாரம் ஒரு பத்தி: பள்ளி மதிய உணவு, கைப்பேசித் தடை, எதுவானாலும் சரி. கணினியில் தமிழ் தட்டச்சும் இப்போதே பழகட்டும். விசை தேடியே நேரம் போனால் தெரிந்ததையும் எழுத முடியாது.