பல்கலைக்கழகம் ஒன்றில் எக்ஸ்ட்ராசெல்லுலார் மேட்ரிக்ஸ் ஆராய்ச்சி மையம் தொடங்குவதென்றால் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

செல்களுக்கு வெளியே அவற்றைத் தாங்கி நிற்கும் புரத வலையைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். அதில் பெரும்பங்கான கொலாஜனோடு ஆறு ஆண்டுகள் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: நல்ல மாதிரி எங்கிருந்து வரும், அதை ஆராயத் தெரிந்தவர் யார் என்ற இரண்டையும் முடிவு செய்துவிட்டுப் பிறகு கட்டடத்தைப் பற்றி யோசியுங்கள்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்கு 1952இல் ஜி. என். ராமச்சந்திரன் தலைமையேற்றபோது அவருக்கு ஏறத்தாழ 30 வயது. அங்கு வந்திருந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே. டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று சொன்னதை அவர் பிடித்துக்கொண்டார். பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது; தோலே பெரும்பாலும் கொலாஜன்தான் என்பதால் மாதிரிக்கு வழி பிறந்தது. கங்காருவின் வால் தசைநாண் தெளிவான எக்ஸ் கதிர்ப் படங்களைத் தந்தது. சக ஆய்வாளர் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954இல் மூன்று அமினோ அமிலச் சங்கிலிகள் கொண்ட அமைப்பை வெளியிட்ட அவர், மறு ஆண்டே அதைத் திருத்தி, மூன்றும் கயிறுபோல முறுக்கிக்கொண்டிருப்பதாகக் காட்டினார். அந்த முறுக்கின் நடுவில் கிளைசினைவிடப் பெரிய அமினோ அமிலத்துக்கு இடமில்லை. ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் வருவது அதனால்தான். அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்று எழுந்த மறுப்புக்குப் பதில் தேடப்போய்த்தான், புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடம் 1963இல் பிறந்தது. இவ்வளவும் நடந்தது ஒரு துறைக்குள், அக்கம்பக்கத்து உதவியோடு.

இன்று செலவு வேறு வகை. கொலாஜன் நாரைச் சாயமேற்றாமலே காட்டும் இரண்டாம் ஹார்மோனிக் நுண்ணோக்கியை வாங்க நிதி கிடைத்துவிடும். அதை இயக்கும் நிரந்தர ஊழியருக்கான சம்பளத்தைத்தான் எல்லோரும் கேட்க மறந்துவிடுகிறார்கள். திட்டக்காலத்துக்கு மட்டும் அமர்த்தப்பட்டவர் அது முடிந்ததும் போய்விட, கருவி உறை போர்த்தப்பட்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

குளிர் அறையும் அப்படித்தான். எலி வாலிலிருந்து பிரித்த கொலாஜனை சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியேவிடும் டயாலிசிஸ் பையில் கட்டி, பாஸ்பேட் கரைசலில் இரவு முழுவதும் மூழ்கவைத்திருந்தேன். அது மே மாதம். நள்ளிரவில் மின்சாரம் போனது. 4 டிகிரியில் இருக்க வேண்டிய அறை வெதுவெதுப்பாகிவிட, காலையில் பைக்குள் இருந்தது கரைசல் அல்ல, தயிர்போல உறைந்த வெண்கூழ். மூன்று வார உழைப்பு அது. குளிர் அறைக்குத் தனி ஜெனரேட்டர் இணைப்பு என்ற வரியைத் திட்ட அறிக்கையில் இப்போதே சேர்த்துவிடுங்கள்.