ஏழு வருட லேப்டாப்: பார்ட்ஸ் மாற்றலாமா, புதிதே வாங்கலாமா?

கேள்வி: லேப்டாப் வாங்கி ஏழு வருடம் ஆகிறது. ஐ5 எட்டாம் தலைமுறை பிராசஸர், 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க். ஆன் செய்தால் வேலைக்குத் தயாராக ஐந்து நிமிடம் ஆகிறது. பிரவுசரில் நாலு டேப் திறந்தால் திணறுகிறது. சார்ஜ் ஒரு மணி நேரம்கூட நிற்பதில்லை. கணக்கு எழுதுவது, வீடியோ மீட்டிங், மகளின் படிப்பு, இவ்வளவுதான் வேலை. இதற்கே செலவு செய்யலாமா, இல்லை புதிது வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்குப் புதிது வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்று தொல்லையும் பெரும்பாலும் கழற்றி மாற்றக்கூடிய பாகங்களால் வருபவை. பிராசஸர் உங்கள் வேலைக்கு இன்னும் தாராளமாகப் போதும்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், நீங்களே பார்த்துவிடலாம். லேப்டாப்பை ஆன் செய்து, எதையும் திறக்காமல், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். சிபியு, அதாவது பிராசஸர், பத்து இருபது சதவீதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால், பிராசஸர் டிஸ்க்குக்காகக் காத்துக்கிடக்கிறது என்று அர்த்தம். மாறாக, சிபியுவே எப்போதும் 90-ஐத் தாண்டி நின்றால் அது வேறு கதை. ஏதாவது ஒரு புரோகிராம் அதைத் தின்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஹார்டு டிஸ்க் ஏன் இப்படிப் படுத்துகிறது? உள்ளே ஒரு தட்டு சுழல்கிறது. லேப்டாப்களில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று. படிக்கும் முனை ஒவ்வொரு ஃபைலையும் தேடி இங்கும் அங்கும் நகர வேண்டும். விண்டோஸ் எழுந்திருக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைக் கேட்கிறது. இப்படிச் சிதறிக் கிடப்பவற்றை ஹார்டு டிஸ்க் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய நூறு முறைதான் எடுத்துத் தர முடியும். அதற்குப் பதிலாகப் போடும் சிப் வகை டிஸ்க்கான எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை. அது பல்லாயிரம் முறை எடுத்துத் தரும். அதனால்தான் எஸ்எஸ்டி போட்டவர்கள் "வேற லேப்டாப் மாதிரி இருக்கு" என்கிறார்கள். விலை உயர்ந்த வகைதான் வேண்டும் என்பதில்லை. ஹார்டு டிஸ்க் இருக்கும் இடத்திலேயே பொருந்தும் 2.5 அங்குல சாட்டா (டிஸ்கை இணைக்கும் பழைய வகை) எஸ்எஸ்டி போதும். சின்ன அட்டை போன்ற எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 ஸ்லாட்டும் இருந்தால், அது சாட்டா வகையா, இன்னும் வேகமான என்விஎம்இ வகையா என்பதை மாடல் எண்ணை வைத்து உறுதி செய்த பிறகே வாங்குங்கள். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் மெமரியான ராம் விஷயமும் இதோடு பின்னிக்கிடக்கிறது. 4 ஜிபி நிரம்பியதும் விண்டோஸ் மீதியை டிஸ்கில் எழுதி வைத்துச் சமாளிக்கும். ஏற்கெனவே திணறும் டிஸ்கின் தலையில் இன்னொரு சுமை. நாலு டேப்புக்கே மூச்சு வாங்குவது இதனால்தான். டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதிக்குப் போனால் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். காலி ஸ்லாட் இருந்தால் மொத்தம் 8 ஜிபிக்குக் குறையாமல் ஆக்குங்கள், முடிந்தால் அதற்கு மேலும். சில மெல்லிய மாடல்களில் ராமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். உங்களுடையது அப்படி 4 ஜிபியோடு பூட்டப்பட்டது என்றால், என் பதில் "புதிது வாங்குங்கள்" என்று மாறிவிடும்.

இன்னொன்று, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்கும் இன்டெல் பிராசஸர்கள், ஓரிரு விதிவிலக்கு தவிர, எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகின்றன. நீங்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறீர்கள். விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதியான டிபிஎம் 2.0 இல்லை என்று தகவல் வந்தால், லேப்டாப் ஆன் ஆகும்போதே திறக்கும் பயோஸ் செட்டிங்கில் அது அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏழாம் தலைமுறை என்றால் நான் இவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்க மாட்டேன். அந்த மாதிரி இயந்திரத்தில், பிரவுசர் வேலை மட்டும்தான் என்றால் விண்டோஸுக்குப் பதில் இலவசமான லினக்ஸ் மின்ட் போட்டு ஓட்டலாம்.

பேட்டரிக்கு வருவோம். விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கும் வசதி உண்டு. புதிதாக இருந்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது முழு சார்ஜில் பிடிக்கும் அளவு, இரண்டையும் அது காட்டும். பாதிக்கும் கீழே போயிருந்தால் மாற்றிவிடலாம். ஆனால் ரிப்போர்ட்டை விட முக்கியமானது உங்கள் கண். ஒருமுறை தெரிந்தவர் ஒருவர், டச்பேட் அழுந்தவில்லை, அதை மாற்ற வேண்டும் என்று லேப்டாப்பைக் கொண்டுவந்தார். மேஜையில் வைத்ததும் ஒரு பக்கம் ஆடியது. அடிமூடியைக் கழற்றினால், பேட்டரி தலையணை போல உப்பி டச்பேடைக் கீழிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. உங்களுடையதில் அப்படி எதுவும் தெரிந்தால் உடனே சார்ஜரைப் பிடுங்கி, பயன்படுத்துவதை நிறுத்துங்கள். குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். பேட்டரி அப்படி உப்பியிருந்தால் முதல் செலவு அதற்குத்தான், எஸ்எஸ்டி அப்புறம்.

கீல் உடைந்து மூடியோடு பிய்ந்துகொண்டிருப்பது, திரையில் கோடுகள், தண்ணீர் பட்ட மதர்போர்டு, இதெல்லாம் இருந்தால் செலவு செய்யாதீர்கள். மொத்தச் செலவு இதே வேலைக்கு ஏற்ற புது லேப்டாப் விலையில் பாதியைத் தொட்டாலும் நான் நிறுத்திவிடுவேன்.

சரி, எந்த வரிசையில் செய்வது? முதலில் கணக்கு ஃபைல்கள், படங்கள் எல்லாவற்றையும் வெளியே நகல் எடுங்கள். பிறகு எஸ்எஸ்டி போட்டு, அதில் விண்டோஸ் 11-ஐப் புதிதாகவே நிறுவுங்கள். பழையதை அப்படியே குளோன் செய்தால் ஏழு வருடக் குப்பையும் கூடவே வரும். விண்டோஸ் உரிமம் மதர்போர்டோடு இணைந்தது என்பதால் டிஸ்க் மாற்றினால் போய்விடாது. மூடியைத் திறந்த கையோடு ஃபேனில் அடைந்த தூசியையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். சூடேறினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ராமையும் அப்போதே போட்டுவிடலாம். பேட்டரி உப்பாமல் வெறுமனே சோர்ந்திருந்தால் ஒரு மாதம் பொறுத்துக்கூட வாங்கலாம், அதுவரை சார்ஜரில் ஓடட்டும்.

கழற்றிய ஹார்டு டிஸ்கை ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டால் பேக்கப்புக்கு உதவும். ஆனால் அதுவும் ஏழு வருடம் சுழன்றதுதான். மகளின் படங்களுக்கு அது ஒன்றே இடமாக இருக்க வேண்டாம்.