கல்லீரல் பாதித்தவர்கள் திடீரென்று உளறுவது ஏன்? மனநோயா?

உங்கள் வீட்டிலும் யாரோ பகலெல்லாம் தூங்கி வழிந்து, ராத்திரி முழுக்க விழித்திருக்கிறார் என்று நினைக்கிறேன். கல்லீரல் கெட்டவர் குழம்பினால் மனநோய் என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் அம்மோனியாவைச் சந்தேகப்படுங்கள். (நான் டாக்டர் இல்லை, அம்மாவைப் பார்த்துக்கொண்டவள். படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.)

குடலில் உண்டாகும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றுவது கல்லீரல். அது படுத்துவிட்டால் அம்மோனியா ரத்தத்தோடு மூளைக்குப் போகிறது. அம்மாவுக்கு முதலில் தடுமாறியது கையெழுத்து. கடைசி எழுத்துகள் கோட்டை விட்டு இறங்கின. கையை நீட்டி விரலை விரிக்கச் சொன்னால் மணிக்கட்டு சட்டென்று தொங்கி, மறுபடி நிமிரும். பார்த்தவர்கள் வயசாச்சு என்றார்கள். டாக்டரோ, ஒரு நோட்டில் தினமும் கையெழுத்து வாங்குங்கள், கோணினால் உடனே கிளம்பி வாருங்கள் என்றார். ஸ்கேனைவிட அந்த நோட்டைத்தான் நான் நம்பினேன்.

மருந்து லாக்டுலோஸ் சிரப். மலமிளக்கிதான், ஆனால் மூளைக்காகக் கொடுப்பது. தினம் 2, 3 தடவை இளக்கமாகப் போகிற மாதிரி அளவைக் கூட்டிக் குறைப்பார்கள். பேதியாகிவிட்டால் நீர்ச்சத்து வற்றி அதுவே குழப்பத்தைக் கொண்டுவரும். மலச்சிக்கல், தொற்று, தூக்க மாத்திரை எல்லாமே கிளப்பிவிடும். ரத்த வாந்தி, கறுப்பு மலம், வயிற்றில் நீரோடு காய்ச்சல் என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். புரதத்தை அடியோடு நிறுத்தச் சொல்வது பழைய பேச்சு. தசையும் அம்மோனியாவை வாங்கிக்கொள்ளும், அதைக் கரைய விடக் கூடாது.

எங்களைப் புண்படுத்தியது "குடிப்பாங்களா?" என்ற கேள்விதான். அம்மாவுக்கு இருந்தது சர்க்கரையும் கல்லீரல் கொழுப்பும். ஹெபடைடிஸ் பி, சி முற்றிக் கல்லீரல் கெட்டாலும் இதே கதி வரலாம். குடித்தவருக்கு வைத்தியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அப்படித் திரித்துவிடாதீர்கள்.

வெளியூர் அண்ணன் தனி ரகம். வீடியோ காலில் அம்மா ஒரு நிமிடம் சிரித்துவிட்டால் போதும், "நல்லாத்தானே இருக்காங்க, நீதான் பெரிசு பண்றே" என்பான். பிறந்தநாளுக்கு அம்மா படத்தை ஸ்டேட்டஸில் வைக்க மட்டும் மறக்கவே மாட்டான். சரி, அது வேறு கதை.

ஒருமுறை இப்படிக் குழம்பிவிட்டாலே கல்லீரல் மாற்று அறுவைக்கு மதிப்பீடு செய்யலாமா என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். சொந்தக்காரர்கள் கூடிப் பேசி முடிக்கும் வரை தள்ளிப்போடாதீர்கள்.