அடிபட்ட கிட் கார்: சத்துவாச்சாரிப் பட்டறையிலிருந்து பதில்கள்

கேள்வி (காட்பாடி): பாகங்களாக வாங்கிப் பூட்டிய, லோட்டஸ் செவன் என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரின் மாதிரி என்னுடையது. பள்ளிகொண்டா அருகே சாலைத் தடுப்பில் மோதி முன்பக்கம் நசுங்கிவிட்டது. பைபர் மூக்கை மாற்றினால் போதுமா?

பதில்: மூக்கு வெறும் சட்டை, தம்பி. உள்ளே எலும்பு முறிந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த வகைக் கார் ஏறத்தாழ 500 கிலோதான். மெல்லிய குழாய்களை முக்கோணமாகப் பின்னித்தான் அந்த எடையில் வலுவைக் கொண்டுவருகிறார்கள். அதனால் முன்மூலையில் விழுந்த அடி, குழாய்க்குக் குழாய் தாவி இருக்கைக்குப் பின்னால் போய் வெளிப்படும்.

பாடியைக் கழற்றுங்கள். சமமான சிமெண்டுத் தரையில் ஸ்டாண்டு மேல் நிறுத்தி, விஷ்போன் (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கை) பூட்டும் துளைகளிலிருந்து தூக்குக் குண்டு தொங்கவிட்டுச் சாக்பீஸால் குறியுங்கள். குறுக்கு மூலைகளை அளந்தால் வண்டியின் ஜாதகம் தெரிந்துவிடும். இரண்டு அளவுக்கும் 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நான் விடமாட்டேன். அளக்காமல் கிரைண்டரைத் தொடாதீர்கள்.

வளைந்த குழாயை வெட்டி எடுத்துப் புதிது வைக்க வேண்டும். வெட்டும் முன் நல்ல பகுதிகளை ஆங்கிள் இரும்பு வைத்துப் பிணையுங்கள். இல்லாவிட்டால் சட்டம் விரிந்துகொள்ளும். புதுக் குழாயைப் புள்ளி புள்ளியாக ஒட்டி, மறுபடி அளந்து, இடமும் வலமும் மாற்றி மாற்றி வெல்டிங் செய்யுங்கள். ஒரே பக்கமாக ஓட்டினால் சூடு இழுத்துவிடும். அதற்கு முன் பேட்டரி வயரையும் பெட்ரோல் டாங்கையும் கழற்றிவிடுங்கள். டாங்க் காலிதானே என்று நினைக்க வேண்டாம். நிறைந்த டாங்கைவிட ஆவி நின்ற காலி டாங்க்தான் வெடிக்கும்.

கேள்வி (ஆற்காடு): மொத்தம் எவ்வளவு செலவாகும்?

பதில்: அளந்த பிறகு கேளுங்கள்.

கேள்வி (குடியாத்தம்): பைபர் ஒட்டும்போது ரெசின் கிண்ணத்திலேயே இறுகிவிடுகிறது.

பதில்: வேலூர் வெயிலில் மதியம் கலந்தால் இறுகாமல் என்ன செய்யும்? விடியற்காலையில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். ஹார்டனர் 1 முதல் 2 சதவீதம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் கரைசலையும் ஹார்டனரையும் நேருக்கு நேர் கலக்கக் கூடாது, வெடித்துவிடும். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே ஹார்டனர்.

கேள்வி (ராணிப்பேட்டை): குழாயை எதற்கு வெட்ட வேண்டும்? சூடாக்கி நிமிர்த்தினால் ஆயிற்று. முப்பது வருடமாக லாரி சேசிஸ் நிமிர்த்துகிறேன்.

பதில்: லாரி சேசிஸ் தடித்த இரும்பு, ஐயா. இது மெல்லிய குழாய். பப்பாளித் தண்டை ஒருமுறை மடக்கி நீட்டிப் பாருங்கள்; அடுத்த முறை அதே இடத்தில்தான் மடங்கும். நானும் இளவயதில் ஒரு குழாயை நிமிர்த்தி, பெயிண்ட் அடித்து, பெருமையாக அனுப்பினேன். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்குவதற்குள் பழைய மடிப்பிலேயே படுத்துவிட்டது. வண்டிக்காரர் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது.

கேள்வி (வாணியம்பாடி): செலவு தோராயமாகச் சொல்லக் கூடாதா?

பதில்: ஆற்காட்டுக்காரருக்குச் சொன்னதே.

கேள்வி (பாகாயம்): சேசிஸ் எண் உள்ள குழாயும் வளைந்திருக்கிறது. வெட்டலாமா?

பதில்: தொடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவு விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக் கட்டுப்பாடு விதிக்கிறது. எண்ணை வெட்டினால் திருட்டு வண்டி என்ற சந்தேகமும் சேர்ந்துகொள்ளும். முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போங்கள்.

கேள்வி (ஆம்பூர்): ராணிப்பேட்டைக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே. எல்லாவற்றையும் வெட்டச் சொல்வது பட்டறைக்காரர்களின் வியாபாரம்!

பதில்: எனக்கென்ன, வெட்டினால் ஒரு நாள், நிமிர்த்தினால் இரண்டு நாள் கூலி. ஆனால் விஷ்போனையும் ஸ்டீயரிங் கையையும் நிமிர்த்துகிறவரோடு எனக்குப் பேச்சே இல்லை. அவற்றை மாற்றியே ஆக வேண்டும்.

கேள்வி (ராணிப்பேட்டை): விஷ்போனை நானும் நிமிர்த்தமாட்டேன். மடிப்பே விழாமல் லேசாக வளைந்த நீளக் குழாய்?

பதில்: அதைச் சூடாக்காமல் ஜாக்கி வைத்து மெல்லத் தள்ளினால் ஒப்புக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு குழாயோடு வாருங்கள், வைஸில் பிடித்துப் பார்த்துவிடலாம்.

கேள்வி (திருவலம்): ஐயா, செலவு...

பதில்: தூக்குக் குண்டு வாங்கிவிட்டீர்களா?