போன் லாக் ஆகியிருந்தால் 108க்கு அழைக்க முடியுமா? வரும் அழைப்பை எடுக்க முடியுமா?

இரண்டும் முடியும், பாஸ்வேர்டு தேவையில்லை. லாக் திரையிலேயே ‘அவசர அழைப்பு’ என்று இருக்கும். அதைத் தொட்டு 108 அடியுங்கள்; போகவில்லை என்றால் பொது அவசர எண்ணான 112 அடியுங்கள். திரையில் சிக்னல் காட்டும் இடத்தில் ‘அவசர அழைப்புகள் மட்டும்’ என்று வந்தாலும் 112ஐ முயன்று பாருங்கள். உங்கள் கம்பெனி டவர் அங்கே இல்லை, வேறு கம்பெனி டவர் இருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அதற்கு அர்த்தம். எந்த டவருமே இல்லையென்றால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் நான் சொதப்பியது அழைப்பதில் இல்லை. மதுரையிலிருந்து திருச்சிக்கு நண்பனோடு பைக்கில் வந்துகொண்டிருந்தேன். விராலிமலைக்குப் பக்கத்தில் ஒருவர் ஸ்கூட்டரோடு சறுக்கி விழுந்து கிடந்தார். 108க்கு அடித்ததும் முதல் கேள்வியே எந்த மாவட்டம் என்பதுதான். திருச்சி என்றேன். “டேய், இது புதுக்கோட்டைடா” என்று நண்பன் கத்தினான். அப்புறம் ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லைப் பார்த்து எண்ணைச் சொன்னோம்.

அடுத்த சில நிமிடங்களில் தெரியாத எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள் என நினைத்துக் கட் செய்தேன். மறுபடி வந்தது, மறுபடி கட். மூன்றாவது முறை எடுத்தால், “சார், ஆம்புலன்ஸ் டிரைவர் பேசுறேன். ரோட்டுக்கு எந்தப் பக்கம் நிக்கிறீங்க?” நான்குவழிச் சாலையில் பக்கம் மாறினால் அடுத்த திருப்பம் வரை போய்த்தான் திரும்ப வேண்டும். ஆகவே 108க்குப் பேசிய பிறகு எந்த எண்ணில் அழைப்பு வந்தாலும் எடுங்கள். ஊருக்கெல்லாம் போன் போட்டு லைனை பிஸியாக வைக்காதீர்கள்.

விழுந்தவரின் போனும் லாக்தான். வீட்டுக்கு எப்படிச் சொல்வது என்று முழித்துக்கொண்டிருந்தபோது, ‘வீடு’ என்று அதுவே அடித்தது. திரையைத் தள்ளினேன், எடுத்துவிட்டது. என் குரலைக் கேட்டதும் அந்தப் பக்கம் ஒரு அம்மா, “நீங்க யாரு? அவர் எங்க?” என்று பதறிவிட்டார். ஸ்பீக்கரில் போட்டு விழுந்தவரின் வாயருகே பிடித்தேன். “ஒண்ணுமில்லம்மா, கால்லதான் அடி” என்று அவரே சொன்ன பிறகுதான் அந்த அம்மா நிதானத்துக்கு வந்தார்.

அந்த அழைப்பு வராமல் போயிருந்தால்? ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் ‘பாதுகாப்பும் அவசரநிலையும்’ என்பது போன்ற ஒரு பகுதி இருக்கும். ஐபோனில் ஹெல்த் ஆப்புக்குள் மெடிக்கல் ஐடி. அதில் வீட்டு எண்ணையும் ரத்த வகையையும் போட்டு, லாக் திரையில் தெரியும்படி வைத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஊருக்கு வந்ததும் அப்பா போனில் இதைச் செய்தேன். சர்க்கரை மாத்திரையின் பெயரையும் போடச் சொன்னார். போட்டாயிற்று. ஆனால் அழைப்பு வந்தால் பச்சையைத் தள்ளாமல் சிவப்பைத் தள்ளிவிட்டு, “கட் ஆயிடுச்சுப்பா” என்பதை மட்டும் இன்னும் விடவில்லை.